சுவர் சுமக்காத வீடு: மரச்சட்டகக் கட்டடம் எப்படி நிற்கிறது, எப்படி விடுதியாகிறது

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் லட்லோ என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே புல் ரிங் என்னும் தெருவில், கறுப்பு மரமும் வெள்ளைப் பூச்சுமாக, மூன்று முக்கோண முகப்புகளைத் தூக்கிக்கொண்டு, மேல்மாடி கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் சற்றே தள்ளியபடி நிற்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபெதர்ஸ். இறகுகள் என்று பொருள். 1619-இல் ரீஸ் ஜோன்ஸ் என்னும் வழக்கறிஞர், ஏற்கெனவே அங்கிருந்த வீட்டைப் பெருக்கிக் கட்டி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், சுமார் 1670-இல், அந்த வீடு பயணியர் தங்கும் விடுதியாயிற்று.

இதைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் முகப்பின் அலங்காரத்தைத்தான் எடுக்கிறார்கள். அலங்காரம் கண்ணைக் கவர்வது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. அந்த வெள்ளைச் சுவர்கள் எதையும் சுமக்கவில்லை. கூரையின் பாரம், மாடிகளின் பாரம், உள்ளே இருப்பவர்களின் பாரம் எல்லாம் மரங்களின் வழியாகவே மண்ணுக்கு இறங்குகின்றன. சுவர் என்று நாம் காண்பது மரங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை அடைத்த அடைப்பு மட்டுமே. ஒரு வழக்கறிஞரின் வீடு விடுதியாக மாற முடிந்தது ஏன், நானூறு ஆண்டுகள் கழித்தும் அது நிற்பது எப்படி என்ற கேள்விகளுக்கான விடைகள் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

நமக்கு இது புதிய கருத்தன்று. கலியாணப் பந்தலில் கால்கள்தாம் பாரம் தாங்குகின்றன. பக்கவாட்டில் கட்டும் தட்டியை அவிழ்த்துவிட்டாலும் பந்தல் விழுவதில்லை. இன்றைய அடுக்குமாடிக் கட்டடமும் அப்படித்தான்: முதலில் கான்கிரீட் தூண்களையும் உத்தரங்களையும் எழுப்பிவிட்டு, தளங்களும் போட்ட பிறகே இடையில் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். பழைய செங்கல் வீடு இதற்கு நேர்மாறானது. அங்கே சுவரே தூண், எனவே ஒரு சுவரை இடிக்க நினைத்தால் மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். மரச்சட்டக வீட்டைப் பந்தலின் இனத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சட்டகத்தின் உறுப்புகள்

கீழிருந்து மேலாகச் செல்வோம். மண்ணுக்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் கல்லாலோ செங்கல்லாலோ ஒரு மேடை கட்டுகிறார்கள். மரம் நேராக ஈர மண்ணில் பட்டால் சில பத்தாண்டுகளிலேயே மக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த மேடையின் மீது கிடையாகப் படுக்கும் கனத்த மரமே அடிச்சட்டம். அதன் மீது தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலைகளை நீளவாக்கில் இணைப்பது மேற்சட்டம்; வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே பாய்ந்து, இரண்டு சுவர்களும் வெளிப்புறமாகச் சரியாதபடி பிடித்துக்கொள்வது உத்தரம். இவற்றுக்கு மேல் கைமரங்கள் சாய்ந்து எழுந்து முகட்டில் கூடுகின்றன.

இவ்வளவும் நேர்க்கோடுகளும் செங்கோணங்களும்தாம். நேர்க்கோடுகளால் மட்டுமே ஆன சட்டம் ஆடும். பழைய பெஞ்சு ஒன்று ஆடத் தொடங்கினால், கால்களுக்கு இடையே குறுக்காக ஒரு ரீப்பரை அடித்து ஆட்டத்தை நிறுத்துகிறோம் அல்லவா? நாற்கோணம் நெளியும், முக்கோணம் நெளியாது. அதே காரணத்துக்காகத்தான் தூணும் மேற்சட்டமும் சந்திக்கும் மூலைகளில் சாய்வுக்கட்டைகள் பொருத்தப்படுகின்றன. பழைய வீடுகளின் முகப்பில் தெரியும் வளைந்த கட்டைகளில் பல இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் எல்லாம் அப்படியல்ல. எது உழைக்கிறது, எது வெறும் ஒப்பனை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தக் கட்டடங்களைப் பார்க்கும் சுவையே இருக்கிறது.

கழுந்தும் துளையும்

இந்தச் சட்டகத்தைப் பிணைத்திருப்பது இரும்பு ஆணி அன்று. ஒரு மரத்தின் முனையை மெல்லிய நாக்குபோலச் செதுக்கி, மற்ற மரத்தில் அதே அளவுக்குக் குடைந்த துளைக்குள் செருகுகிறார்கள். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். கதவு நிலை செய்யும் நம் தச்சர்களும் அறிந்த பொருத்துதான் இது. செருகியபின் இரண்டையும் ஊடுருவித் துளையிட்டு ஒரு மர ஆணியை அறைந்துவிட்டால் பொருத்து முடிந்தது என்று தோன்றும்.

கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஆணிக்கான துளையைத் தச்சர் இரு மரங்களிலும் நேருக்கு நேராகப் போடுவதில்லை. கழுந்தில் உள்ள துளையை, கழுந்தின் அடியில் மரம் அகலும் தோள்பக்கமாகச் சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுகிறார். கூராகச் சீவிய, நன்கு உலர்ந்த ஓக் ஆணியை இப்போது அறையும்போது, அது வளைந்து நெளிந்துதான் உள்ளே போக முடியும். போகும் வழியில் இரண்டு மரங்களையும் ஒன்றோடொன்று இழுத்து இறுக்கிவிடுகிறது. ஆணி அறுத்த மரத்தால் ஆனதாக இருந்தால் இந்த நெளிவில் முறிந்துவிடக்கூடும். எனவே நார் அறுபடாமல், பிளந்த மரத்திலிருந்தே அதைச் செதுக்குகிறார்கள். பசையில்லை, இரும்பில்லை, பல நூற்றாண்டுகள் கழிந்தும் இந்தப் பொருத்துகள் இறுக்கமாகவே இருப்பதைக் காணலாம்.

இரும்பைத் தவிர்த்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை அரித்துவிடும். மரமும் அந்த இடத்தில் கருநீலமாகக் கறைபடும். மர ஆணிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மரமும் ஓக்தான், பெரும்பாலும் பச்சை ஓக். மரம் வெட்டி உலர வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நாற்காலி, மேசை செய்பவரின் விதி. வீடு கட்டிய பழைய ஆங்கிலத் தச்சர்கள் வெட்டிய சில மாதங்களுக்குள்ளேயே மரத்தைச் செதுக்கி ஏற்றிவிட்டார்கள். உலர்ந்த ஓக் உளியை மழுக்கும் அளவுக்குக் கடினமானது. பச்சை ஓக் இணக்கமாகச் சீவுப்படும். தவிர, கனத்த மரம் உலர்வதற்கு ஏறத்தாழ ஓர் அங்குலப் பருமனுக்கு ஓர் ஆண்டு வீதம் காத்திருக்க வேண்டும் என்பது தச்சர் வழக்கு. பத்து அங்குலத் தூணுக்குப் பத்து ஆண்டு யார் காத்திருப்பார்? எனவே மரம் வீட்டிலேயே, பாரம் சுமந்தபடியே உலர்ந்தது. உலரும்போது ஓக் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. அதோடு சற்று முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பழைய வீடுகளின் தளம் ஒரு பக்கம் சரிந்திருப்பதற்கும் கதவு நிலை சாய்சதுரமாகத் தெரிவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மண் அமிழ்ந்ததும், பிற்காலத்தவர் வாசல் திறப்பதற்காகச் சாய்வுக்கட்டைகளை அறுத்ததும் மற்றக் காரணங்கள். இப்படி நெளிந்த பிறகும் வீடு விழாதிருப்பதற்குக் காரணம், மரப் பொருத்துகள் சற்று விட்டுக்கொடுத்து, பிறகு புதிய நிலையில் இறுகிவிடுவதே.

பச்சை மரம் பயன்படுத்தியதால் இன்னொரு நன்மையும் நமக்குக் கிடைத்திருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகலம் அந்தந்த ஆண்டின் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். ஓர் உத்தரத்திலிருந்து பென்சில் தடிமனுக்கு மாதிரி எடுத்து, அதன் வளைய வரிசையை ஏற்கெனவே ஆண்டு அறியப்பட்ட வரிசைகளோடு ஒப்பிட்டால் அந்த மரம் ஏறத்தாழ எந்தக் காலத்தில் வெட்டப்பட்டது என்று கூற முடியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால் எந்த ஆண்டு, எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். வெட்டியவுடன் கட்டினார்கள் என்பதால், வெட்டிய ஆண்டே ஏறக்குறையக் கட்டிய ஆண்டு.

எண் போட்ட மரங்கள்

இந்த வீடுகள் மனையில் வைத்து ஒவ்வொரு மரமாகச் செய்யப்பட்டவை அல்ல. தச்சர் தம் பட்டறை வெளியில் ஒரு பக்கச் சுவரின் சட்டகம் முழுவதையும் தரையில் படுக்க வைத்து, ஒவ்வொரு பொருத்தையும் அதனதன் இணைக்கு ஏற்ப வெட்டி, சரி பார்த்து, பிறகு பிரித்துவிடுவார். கையால் செதுக்கிய மரங்களில் இரண்டு ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு துளைக்குச் செய்த கழுந்து அடுத்த துளைக்குப் பொருந்தாது. எனவே பிரிக்கும் முன் ஒவ்வொரு பொருத்தின் இரு பக்கத்திலும் ஒரே எண்ணை உளியால் கீறி வைத்தார்கள். ரோமானிய எண்கள்தாம், ஏனெனில் அவை நேர்க்கோடுகளால் ஆனவை, உளியால் எளிதில் வெட்டலாம். ஆனால் நான்கு என்பதைப் பள்ளியில் கற்பதுபோல ஐந்தில் ஒன்று கழித்து எழுதாமல், நான்கு கோடுகளாகவே போட்டார்கள். தலைகீழாகக் கிடக்கும் மரத்தில் நான்கா ஆறா என்ற குழப்பம் வந்துவிடக் கூடாதல்லவா? பிறகு வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுபோய், எண் பார்த்துச் சேர்த்து, பல கைகள் கூடிச் சட்டகத்தை நிமிர்த்தினார்கள். பழைய விடுதிகளின் உத்தரங்களில் இந்தக் கீறல்கள் இன்றும் தெரிகின்றன. யாரோ கத்தியால் விளையாடியிருக்கிறார்கள் என்று எண்ணி விருந்தினர் கடந்துபோகிறார்கள்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. பல வீடுகளில் முதன்மைத் தூண்கள் தலைகீழாக நிற்கின்றன. அதாவது மரத்தின் வேர்ப்பக்கம் மேலே, உச்சிப்பக்கம் கீழே. தூணின் தலையில் மேற்சட்டம், உத்தரம் என இரண்டு கனத்த மரங்கள் ஒரே இடத்தில் வந்து அமர வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கழுந்து செதுக்கத் தூணின் தலை அகலமாக இருக்க வேண்டும். மரம் இயல்பாக அகலும் இடம் வேர்க்கழுத்துதான். எனவே அதை மேலே வரும்படி திருப்பி நிறுத்தினார்கள்.

வரிச்சும் மண்ணும்

சட்டகம் நின்றபின் இடைவெளிகளை அடைக்க வேண்டும். இங்கே ஆங்கிலத் தச்சரின் முறையும் நம் ஊர்களில் வரிச்சுக் கட்டி மண் அப்பும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. மேலே உள்ள கிடைமரத்தின் அடிப்பக்கத்தில் வரிசையாகச் சிறு துளைகள் போடுவார்கள். கீழே உள்ள கிடைமரத்தின் மேற்பக்கத்தில் நீளமாக ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், எடுப்பார்கள். பிளந்த ஓக் குச்சியின் ஒரு முனையைத் துளைக்குள் ஏற்றி, மறு முனையைக் காடியில் வைத்து நகர்த்தினால் அது நிமிர்ந்து நின்றுகொள்ளும். இப்படி நிறுத்திய குச்சிகளுக்கு ஊடே ஹேசல் என்னும் செடியின் வளையும் கழிகளைக் கூடை முடைவதுபோல முடைவார்கள். பிறகு களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் இவற்றைக் குழைத்து இருபுறமும் ஒரே நேரத்தில் இருவர் அப்புவார்கள். இரண்டு பக்கத்து மண்ணும் பின்னலுக்கு நடுவே கைகோத்துக்கொள்ளும். காய்ந்ததும் மேலே சுண்ணாம்புப் பூச்சு.

இந்தச் சுவரின் சிறப்பு, மரம் அசையும்போது தானும் அசைவதும், நனைந்தால் உறிஞ்சிப் பிறகு காற்றில் விட்டுவிடுவதும். உறிஞ்சி விடுவது என்ற இந்தப் பண்பைப் பின்னால் வந்தவர்கள் மதிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல வீடுகளில் பழைய மண் அடைப்பைத் தட்டியெறிந்துவிட்டு, உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் அசையாது, எனவே மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும்போது, மரத்துக்கும் சிமென்ட்டுக்கும் இடையே நூல் பருமனில் ஒரு வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தின் மீதே தங்கும். மண்ணும் சுண்ணாம்பும் முந்நூறு ஆண்டுகள் காத்த ஓக்கை இப்படிச் சில பத்தாண்டுகளில் பஞ்சாக்கிய பழுதுகள் பல. உறுதியான பொருளே நல்ல பொருள் என்ற எண்ணம் இந்த வீடுகளுக்குச் செய்த கேடு, போரும் தீயும் செய்ததற்குக் குறைந்ததன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பு வெள்ளை நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பூசாமல் விட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வரும். பல வீடுகளில் மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். சில வட்டாரங்களில் மஞ்சட்காவி, செங்காவி கலந்தார்கள். மரத்தைக் கன்னங்கரேலென்று தாராலும் வண்ணத்தாலும் பூசி, சுவரைத் தூய வெள்ளையாக்கும் பழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. பழைமையின் அடையாளமாக நாம் கருதும் அந்தத் தோற்றம் பல இடங்களில் அதற்குப் பிந்திய ஒப்பனை.

மாடி ஏன் தெருவுக்கு மேல் நீள்கிறது?

மேல்மாடி கீழ்த்தளத்தைவிட வெளியே தள்ளி நிற்பதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம், நெருக்கமான நகரத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கத் தெருவின் மேல் நீட்டிக்கொண்டார்கள் என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையாக இருக்க முடியாது, ஏனெனில் சுற்றிலும் வயல்வெளி கிடக்கும் நாட்டுப்புற வீடுகளும் இப்படி நீண்டிருக்கின்றன. கட்டுமானக் காரணங்களும் இருக்கின்றன. தளத்தைத் தாங்கும் கட்டைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, அந்த நுனியில் மேல்மாடிச் சுவரின் பாரம் உட்காரும்போது, சீசாப் பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதுபோல, அறையின் நடுவில் தளம் தொய்வது குறைகிறது. மேலும், கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனித் தூண்கள் போதும். இரண்டு மாடி உயரத்துக்கு நீண்ட மரம் தேட வேண்டியதில்லை. ஒரே தூணில் எல்லாத் திசையிலிருந்தும் துளை குடைந்து அதைப் பலவீனப்படுத்தவும் வேண்டியதில்லை. இவற்றோடு நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. என் கணிப்பில் அதுவே வலுவானது. நீண்ட மாடிக்கு மரம் கூடுதல், வேலை கூடுதல்; அதைத் தெருவில் போகிறவர் எல்லாரும் காண்பார்கள்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், பேராலயத்தின் அருகே நிற்கும் கம்மர்செல் மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கீழ்த்தளம் 1467-ஐச் சேர்ந்த கல். மேலே உள்ள மர மாடிகள் 1589-இல் பாலாடைக்கட்டி வணிகர் ஒருவர் எழுப்பியவை. ஒன்றன்மேல் ஒன்றாகத் துருத்தி நிற்கும் அந்த மாடிகளில் சன்னலுக்கு இடமில்லாத பகுதியே அரிது என்னும்படி மொத்தம் 75 சன்னல்கள்! சுவர் சுமக்காத கட்டடத்தில்தான் இது இயலும். கல் சுவரில் இத்தனை ஓட்டைகள் போட்டால் சுவர் நிற்காது. அதுவும் இன்று உணவகமாக இருக்கிறது.

ஒரு வழக்கறிஞரின் பெருமிதம்

லட்லோவுக்குத் திரும்புவோம். அந்தச் சிற்றூரில் இவ்வளவு ஆடம்பரமான வீட்டை ஒரு வழக்கறிஞர் எப்படிக் கட்டினார் என்ற கேள்விக்கு அந்த ஊரின் கோட்டையில் விடை இருக்கிறது. வேல்ஸையும் அதன் எல்லை மாவட்டங்களையும் ஆண்ட மன்னரின் ஆட்சிக்குழு லட்லோ கோட்டையில்தான் இயங்கியது, அது நீதிமன்றமும்கூட. வழக்காட வருபவர்களும் மனு எழுதுவிப்பவர்களும் தங்க இடம் தேடுபவர்களுமாக ஊர் நிறைந்திருந்தது. வழக்கறிஞருக்கு அதைவிட விளைநிலம் வேறில்லை. 1616-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகன் சார்ல்ஸ் வேல்ஸ் இளவரசராக்கப்பட்டபோது லட்லோவில் விழா எடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஜோன்ஸ் எழுப்பிய வீட்டில் இளவரசரின் சின்னமான தீக்கோழி இறகுகள் செதுக்கப்பட்டன. விடுதியின் பெயர் அதிலிருந்தே வந்தது. உள்ளே முதல் மாடி அறையொன்றின் கூரையில் ஜேம்ஸ் மன்னரின் அரசச் சின்னம் சுண்ணச் சாந்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. யாரால் தமக்குப் பிழைப்பு என்பதை அந்த வழக்கறிஞர் நன்கு அறிந்திருந்தார்.

முன்வாசல் கதவில் ஒரு கணம் நிற்க வேண்டும். கனத்த ஓக் பலகை. அதன் முகம் முழுவதும் இரும்புக் குமிழ் ஆணிகள் வரிசை வரிசையாக அறையப்பட்டிருக்கின்றன. பூட்டுத் தகட்டில் ஆர், ஐ என்னும் இரண்டு எழுத்துகள். ரீஸுக்கு ஆர் சரி, ஜோன்ஸ் என்பதன் முதலெழுத்து ஜே அல்லவா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் ஐ, ஜே இரண்டும் ஒரே எழுத்தாகவே எழுதப்பட்டன. சட்டகத்துக்கு மர ஆணி, கதவுக்கு மட்டும் இத்தனை இரும்பு! பாதுகாப்பு ஒரு காரணம் என்றாலும், இரும்பு வாங்க வசதியுண்டு என்று சொல்வதும் ஒரு காரணம்.

முகப்பைப் பார்ப்போம். சட்டகத்துக்குத் தேவையான தூண்களும் கிடைமரங்களும் எழுப்பும் கட்டங்களுக்குள் வளைகட்டைகள் சேர்ந்து சாய்சதுரங்களாகவும் வேறு கோலங்களாகவும் அமைந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி பாரம் சுமப்பதில்லை. கிழக்கு இங்கிலாந்தில் செல்வத்தைக் காட்ட விரும்பியவர்கள் நேர்த்தூண்களை நெருக்க நெருக்கமாக நிறுத்தினார்கள். ஷ்ராப்ஷயர், செஷயர் போன்ற மேற்கு மாவட்டங்களில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கட்டங்களுக்குள் கோலம் போட்டார்கள். இரண்டிலும் சொல்லப்படும் செய்தி ஒன்றே: தேவைக்கு மேல் மரம் வாங்க என்னால் முடியும். முதல் மாடியில் இன்று காணும் வெளிமாடமும் (பால்கனி) அதன் கைப்பிடிக் கடைசல் மரங்களும் மட்டும் ஜோன்ஸின் காலத்தவை அல்ல. அவை 19-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை.

வீடு விடுதியாதல்

செல்வர் வீடும் விடுதியும் அன்று ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. பெரிய வீட்டில் பலர் கூடி உண்ணும் கூடம் இருந்தது, மேலே கணப்புள்ள படுக்கை அறைகள் இருந்தன, கீழே நிலவறையும் பின்னே முற்றமும் இருந்தன. கூடம் குடிக்கவும் உண்ணவும் கூடும் இடமாகவும், நிலவறை பியர்ப் பீப்பாய்கள் வைக்கும் இடமாகவும், முற்றம் குதிரை கட்டும் இடமாகவும் மாற அதிக உழைப்பு வேண்டியதில்லை. சஃபோக் மாவட்டத்து லாங் மெல்ஃபர்டில் உள்ள புல் விடுதியும் 15-ஆம் நூற்றாண்டில் கம்பளி வணிகர் ஒருவரின் வீடாகப் பிறந்து 16-ஆம் நூற்றாண்டில் விடுதியானதே.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பழைய வீடுகளில் நடை, அதாவது அறைகளை இணைக்கும் தனிப் பாதை, என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்து, அதன் வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு அது பழக்கம். ஆனால் முன்பின் தெரியாத இரு பயணியரில் ஒருவர், மற்றவரின் படுக்கையைத் தாண்டித்தான் தம் அறைக்குச் செல்ல வேண்டும் என்றால் விடுதி நடக்காது. விடுதியாகவே கட்டப்பட்ட இடங்களில் இதற்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள்: லண்டன் சதக் பகுதியில், 1676 தீவிபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதியில் முற்றத்தைப் பார்த்தபடி மாடிதோறும் திறந்த மர நடைகள் ஓடுகின்றன, ஒவ்வோர் அறைக்கும் அங்கிருந்து தனி வாசல். வீடாகப் பிறந்தவற்றிலோ அறையின் ஓர் ஓரத்தைத் தடுத்து நடையாக்கினார்கள், இரண்டு அறைகளை மூன்றாக்கினார்கள், சில இடங்களில் பக்கத்து வீட்டையும் வாங்கிச் சட்டகத்தில் வழி திறந்து சேர்த்துக்கொண்டார்கள். இந்த விடுதிகளில் நடைபாதை எதிர்பாராத இடத்தில் இரண்டு படி ஏறி, மூன்று படி இறங்குவது அதனால்தான். வெவ்வேறு வீடுகளின் தளங்கள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை.

இவ்வளவு மாற்றத்தையும் கட்டடம் தாங்கியதற்குக் காரணம் முதலில் சொன்னதுதான். அடைப்பை எடுத்தாலும் சட்டகம் நிற்கிறது. தட்டியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டுவதுபோலச் சுவரை இடம் மாற்ற முடிகிறது. எல்லை மீறியவர்களும் இல்லாமலில்லை. இடைஞ்சலாக இருக்கிறதே என்று உத்தரத்தையோ சாய்வுக்கட்டையையோ அறுத்தவர்களின் வீடுகள் மெல்லச் சாய்ந்தன. இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் அனுமதியின்றி அப்படிக் கைவைக்க முடியாது; ஃபெதர்ஸ் இங்கிலாந்தின் பட்டியலில் முதல் தரத்தைச் சேர்ந்தது, பட்டியலிலுள்ள கட்டடங்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டரை மட்டுமே அந்தத் தரத்தில் வருகின்றன.

பழுதுபார்ப்பதும் சட்டகத்தின் இயல்பை ஒட்டியே நடக்கிறது. மக்குவது பெரும்பாலும் தூணின் அடியும் அடிச்சட்டமும்தான். முழுத் தூணையும் மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, புதிய ஓக் துண்டைச் சாய்வாக வெட்டிப் பழைய மரத்தோடு கோத்து, மர ஆணியால் இறுக்குகிறார்கள். புதிய துண்டுக்குப் பழைய நிறம் ஏற்றி மறைப்பதை நல்ல தச்சர்கள் விரும்புவதில்லை. ஆண்டை அதில் பொறித்து வைப்பவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட விடுதி ஒன்றின் கூடத்தில் உட்கார நேர்ந்தால், தலைக்கு மேலே ஓடும் உத்தரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரல் நுழையும் அளவில் சிறு துளைகள் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தெரியக்கூடும். அவை புழு துளைத்தவை அல்ல. வரிச்சுக் குச்சிகளின் தலைகள் ஏறியிருந்த துளைகள். நீங்கள் அமர்ந்திருக்கும் அந்த ஒரே கூடம் முன்பு இரண்டு அறைகளாக இருந்தது, சுவர் உங்கள் மேசைக்கு நேர் மேலே ஓடியது. வரிசை நடுவில் ஓரிடத்தில் மட்டும் துளையின்றி விட்டுப்போய், இருபுறமும் நீள்சதுரத் துளை ஒவ்வொன்று காலியாக இருந்தால், அந்தக் காலத்தில் கதவு அங்கேதான் இருந்தது.